பனியில் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஓட்டுவது எப்படி: முதல் குளிர்காலத்துக்கான செய்முறை

கனடாவின் ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் குளிர்காலத்தில் நெடுஞ்சாலையோரப் பள்ளத்தில் கிடக்கும் வண்டிகளில் பிக்கப்களும் உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி எப்படிப் பள்ளத்தில் இறங்குகிறது என்று புதிதாக ஓட்டுபவர்களுக்குப் புரிவதில்லை. ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பத்தான் உதவும். நிறுத்தவும் திருப்பவும் அது உதவாது. நிறுத்துவது டயர், வேகம், முன்னால் விட்ட இடைவெளி ஆகிய மூன்றின் வேலை. சிக்னலில் நின்ற வண்டி வழுக்காமல் சட்டென்று கிளம்பியதும், ரோடு நன்றாகத்தான் இருக்கிறது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. அந்த நினைப்போடு அடுத்த வளைவுக்குப் போகும்போதுதான் வண்டி கைமீறுகிறது.

கணக்காகவே பார்க்கலாம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால், காய்ந்த தாரில் சுமார் 14 மீட்டரில் வண்டி நிற்கும். அழுந்திய பனியில் சுமார் 50 மீட்டர் ஆகும். ஐஸில் 100 மீட்டரைத் தொடும். பிடிமானத்தை (உராய்வுக் கெழுவை) முறையே 0.7, 0.2, 0.1 என்று வைத்துப் போட்ட கணக்கு இது. கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஓடும் 20 மீட்டர் இதில் சேரவில்லை. எத்தனை சக்கரம் இழுக்கிறது என்ற கேள்வியே இந்தக் கணக்கில் வருவதில்லை. வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

1. முதலில் டயர்

ஆல் சீசன் டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மெத்தென்று இருக்கும். பனியைக் கவ்வ, ரோட்டைத் தொடும் அதன் ரப்பர் கட்டைகளில் நுண்ணிய வெட்டுகளும் உண்டு. டயரின் பக்கச்சுவரில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். முரட்டுக் கட்டைகளோடு இருக்கும் மட் டெரெய்ன் டயர் ஆழமான புதுப்பனியில் நன்றாக ஏறும். ஐஸில் அது மிக மோசம், ஏனென்றால் பெரிய கட்டைகளில் விளிம்புகள் குறைவு.

நான்கும் ஒரே வகையாக, ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தோடு இருக்க வேண்டும். முன்னால் இரண்டு மட்டும் மாற்றினால் பின்பக்கம் சுழன்று வரும். சுற்றளவு வேறுபட்டால், எஞ்சின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தேயும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை (சில வழிகளில் மார்ச் 31 வரை) தகுந்த டயர் வேண்டும்; கட்டை ஆழம் 3.5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது.

காற்றையும் கவனியுங்கள். வெப்பநிலை ஐந்தரை டிகிரி இறங்கினால் டயரில் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும். 20 டிகிரியில் 35 வைத்த டயர், மைனஸ் 20-இல் 28-க்கு வந்துவிடும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, வண்டி இரவு முழுக்க வெளியே நின்ற பிறகு நிரப்புங்கள். சூடான கராஜுக்குள் நிரப்பினால் வெளியே போனதும் குறைந்துவிடும்.

2. பின்பக்க எடை

காலி பிக்கப்பின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன் அச்சின் மேல் இருக்கிறது. பின்சக்கரங்கள் லேசாக அழுந்துவதால் வளைவில் பின்பக்கம்தான் முதலில் வழுக்கும். குழாய் வடிவில் கட்டிய மணல் மூட்டை கடைகளில் கிடைக்கும். ஒன்று சுமார் 27 கிலோ. நான்கு முதல் ஆறு மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது அதற்குச் சற்று முன்னால் அடுக்கிக் கட்டுங்கள். பின்கதவை ஒட்டிப் போட்டால் முன்சக்கரங்கள் தூக்கும், ஸ்டியரிங் லேசாகிவிடும். கட்டாமல் விட்ட மூட்டை திடீர் பிரேக்கில் கேபின் கண்ணாடியை நோக்கி வரும். கான்கிரீட் கல் வேண்டாம். மணலாக இருந்தால் சிக்கிக்கொள்ளும்போது கிழித்துச் சக்கரத்தடியில் தூவவும் ஆகும்.

பின்னால் உள்ள சரக்குத் தொட்டியில் பனி நிறைந்திருக்கிறதே, அதுவே எடைதானே என்று விடாதீர்கள். அது நகரும், உருகும், ஓட ஓடப் பறந்து பின்னால் வருபவரின் கண்ணாடியை மறைக்கும்.

3. குமிழில் எழுதியிருப்பதன் பொருள்

பெரும்பாலான பிக்கப்களில் இருப்பது பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ், அதாவது தேவைப்படும்போது மட்டும் ஓட்டுநர் போட்டுக்கொள்ளும் வகை. அதை மாற்றும் குமிழில் 2எச், 4எச், 4எல் என்று மூன்று நிலைகள் இருக்கும்.

2எச் என்றால் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். காய்ந்த ரோட்டுக்கும் ஈரத் தாருக்கும் இதுதான்.

4எச் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தூரம் ஓடியாக வேண்டும். பனியில் டயர் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமன்செய்துகொள்ளும். காய்ந்த தாரில் அது நடக்காது. அச்சுகள் முறுக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் கனக்கும், திருப்பத்தில் வண்டி தடுக்கித் தடுக்கிப் போகும், 2எச்-க்குத் திரும்ப மறுக்கும். அப்படிச் சிக்கினால் நேராகச் சில மீட்டர் பின்னால் எடுங்கள், முறுக்கு விடுபடும். பழக்கமாகக் காய்ந்த ரோட்டில் 4எச்-இல் ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் கெடும், செலவு பெரிது.

பல வண்டிகளில் ஓடும்போதே 2எச்-இலிருந்து 4எச்-க்கு மாற்றலாம். வேக வரம்பு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். நேரான ரோட்டில், ஆக்ஸிலரேட்டரை லேசாக விட்டு, சக்கரம் வழுக்காதபோது மாற்றுங்கள். பின்சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது மாற்றினால் உள்ளே கியர் அடிபடும்.

4எல் போட்டால் சக்கர வேகம் சுமார் இரண்டரை மடங்கு குறையும், இழுவிசை அதே அளவு கூடும். சிக்கிய வண்டியை எடுக்கவும், மிகச் சரிவான பாதையில் நடைவேகத்தில் இறங்கவும்தான் இது. வண்டியை நிறுத்தி, அல்லது நடைவேகத்தில் உருளவிட்டு, நியூட்ரலில் மாற்ற வேண்டும். பல வண்டிகளில் 4எல் போட்டதும், வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் அணைந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

சில வண்டிகளில் 4-ஆட்டோ என்று ஒன்று இருக்கும். கிளட்ச் வழியாகத் தேவைப்படும்போது மட்டும் முன் அச்சுக்குச் சக்தி போவதால், பனியும் காய்ந்த தாரும் மாறி மாறி வரும் ரோட்டுக்கு அது பொருத்தம். இரு பின்சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் பின் டிஃபரன்ஷியல் பூட்டு இருந்தால், ரோட்டில் ஓடும்போது அதைத் தொடாதீர்கள். இரு பின்சக்கரங்களும் சேர்ந்து வழுக்கினால் வண்டி பக்கவாட்டில் சரியும்.

4. கிளம்பும் முன்

கூரை, பானெட், தொட்டி, விளக்குகள் எல்லாவற்றிலும் பனியை வழித்தெடுங்கள். எல்.இ.டி. விளக்கு சூடாகாது, அதன் மேல் படிந்த பனி தானாக உருகாது. பகல் விளக்கை மட்டும் நம்பி ஓட்டினால் பல வண்டிகளில் பின்விளக்கு எரியாது. ஆகவே ஹெட்லைட்டை நீங்களே போடுங்கள். புகைபோக்கியின் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். காலணியின் அடியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு ஏறுங்கள், இல்லையென்றால் பெடலில் கால் வழுக்கும்.

மைனஸ் 15-க்குக் கீழே போகும் இரவுகளில், எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டரைக் கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பு மின்சாரத்தில் செருகுங்கள். கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40 தாங்குவதாக இருக்கட்டும். எரிபொருள் அரைத் தொட்டிக்குக் குறையக்கூடாது. டீசல் வண்டியென்றால் குளிர்கால டீசல் போட வேண்டும். கோடை டீசலில் மெழுகு உறைந்து ஃபில்டரை அடைக்கும்.

மண்வெட்டி, மணல், இழுவைப்பட்டை, போர்வை, தலைவிளக்கு, தண்ணீர், உலர்ந்த கையுறை ஆகியவற்றைக் கேபினுக்குள் வையுங்கள். பின்னால் சரக்குத் தொட்டியில் வைத்தால் உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

5. காலி மைதானத்தில் பழகுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். விளக்குக் கம்பமோ தடுப்போ இல்லாத பெரிய காலி வாகன நிறுத்துமிடத்தில், அனுமதி கேட்டுக்கொண்டு, 20 கி.மீ. வேகத்தில் தொடங்குங்கள்.

முதலில் 2எச்-இல் கிளம்பிப் பாருங்கள், பிறகு 4எச்-இல். வித்தியாசம் உடனே தெரியும். அடுத்து, இரண்டிலும் ஒரே புள்ளியில் பிரேக்கை முழுசாக அழுத்துங்கள். ஏறத்தாழ ஒரே தூரத்தில்தான் வண்டி நிற்கும். எவ்வளவு படித்தாலும் இதைக் காலால் உணர்ந்த பிறகே புத்தியில் ஏறுகிறது. பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பெடல் படபடவென்று துடிக்கும், கரகரவென்று சத்தம் வரும். பயந்து காலை எடுக்காமல் அழுத்தியபடியே இருங்கள். ஏ.பி.எஸ். இல்லாத பழைய வண்டியில், சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்று முன்பு வரை அழுத்தி, பூட்டினால் தளர்த்தி, மறுபடி அழுத்த வேண்டும்.

பிறகு வட்டமாக ஓட்டி, மெல்ல வேகம் கூட்டி, எந்த இடத்தில் முன்பக்கம் நேராகப் போகத் தொடங்குகிறது என்று பாருங்கள்.

6. ரோட்டில்

முன்வண்டிக்கும் உங்களுக்கும் 8 முதல் 10 வினாடி இடைவெளி விடுங்கள். டயருக்கு இருக்கும் பிடிமானம் ஒரு கைப்பிடிக் காசு மாதிரி; பிரேக்குக்குச் செலவழித்தால் திருப்பத்துக்கு மிஞ்சாது. அதனால் வளைவுக்கு முன்பே, நேரான ரோட்டில், பிரேக் வேலையை முடித்துவிடுங்கள். வளைவுக்குள் காலை லேசாக ஆக்ஸிலரேட்டரில் வைத்து ஒரே சீராகப் போங்கள்.

குரூஸ் கண்ட்ரோல் வேண்டாம். பாரம் இழுக்கும்போது போடும் டோ ஹால் பொத்தானையும் அணையுங்கள். அது திடீரென்று கியரைக் குறைக்கும். 2எச்-இல் பின்சக்கரம் அந்த இழுப்பிலேயே வழுக்கும்.

கடுங்குளிரைவிட 0 டிகிரியை ஒட்டிய நாள்களே அபாயம். மைனஸ் 20-இல் ஐஸ் உலர்ந்து கொஞ்சம் பிடிக்கும்; 0-இல் அதன் மேல் நீர்ப்படலம் இருக்கும். பாலங்கள் கீழிருந்தும் குளிர்வதால் முதலில் உறையும். ரோடு ஈரமாகத் தெரிகிறது, ஆனால் முன்வண்டிச் சக்கரம் நீரைத் தெறிக்கவில்லை என்றால் அது பிளாக் ஐஸ், அதாவது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஐஸ் படலம். உப்பு தூவிய ரோடு என்று நம்பிவிடவும் முடியாது; மைனஸ் 10-க்குக் கீழே சாதாரண உப்பு சரியாக உருக்காது.

பனி அகற்றும் வண்டியை முந்தாதீர்கள். அதன் பக்கவாட்டு அலகு அடுத்த தடம் வரை நீண்டிருக்கலாம், அது கிளப்பும் பனித்தூளில் தெரியாது. பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் உள்ள ரோஜர்ஸ் கணவாயில் பனிச்சரிவைக் கட்டுப்படுத்த ராணுவம் பீரங்கியால் சுட்டுப் பனியை முன்கூட்டியே இறக்குகிறது, அப்போது சாலை மூடப்படும். அங்கே நிற்கக்கூடாது என்று பலகை இருந்தால், படம் எடுக்கக்கூட நிற்காதீர்கள். கிளம்பும் முன் டிரைவ் பி.சி., 511 ஆல்பர்ட்டா தளங்களில் சாலை நிலையைப் பாருங்கள்.

7. ஏற்றமும் இறக்கமும்

ஏற்றத்துக்கு முன்பே 4எச் போட்டு, சமதளத்திலேயே வேகம் சேர்த்துக்கொண்டு, கால் அசையாமல் ஏறுங்கள். முன்வண்டி உச்சி தாண்டும் வரை கீழேயே காத்திருப்பது நல்லது. பாதியில் நின்றுபோனால் திருப்ப முயலாதீர்கள், வண்டி குறுக்கே சரியும். ரிவர்ஸ் கியரில், நியூட்ரலில் அல்ல, நேராகப் பின்னால் இறங்குங்கள்.

இறக்கத்தில் கியரைக் குறைத்து, 4எச்-இலேயே இறங்குங்கள். எஞ்சின் பிடிக்கும் விசை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து போகும் என்பதால், 4எச் வேகத்தைக் கட்டுப்படுத்தக் கைகொடுக்கும் ஒரே இடம் இதுதான்.

8. வழுக்கினால்

ஸ்டியரிங் திருப்பியும் வண்டி நேராகப் போனால் முன்சக்கரம் பிடியிழந்துவிட்டது. இன்னும் திருப்பத்தான் கை போகும். அப்படிச் செய்யாமல், ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கைச் சற்றே நேராக்குங்கள். டயர் மறுபடி கவ்வும்.

பின்பக்கம் சுழன்றால், அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்ல எடுங்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள். வண்டி நேரானதும் ஸ்டியரிங்கை உடனே நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். தாமதித்தால் மறுபக்கம் இன்னும் வேகமாக அடிக்கும். இரண்டிலும் பார்வை போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும், மோதப்போகும் கம்பத்தில் அல்ல.

9. சிக்கிக்கொண்டால்

சக்கரம் சுழலத் தொடங்கியதும் காலை எடுங்கள். சுழலச் சுழலப் பனி உருகி ஐஸாகும், பள்ளம் ஆழமாகும். இறங்கி முதலில் புகைபோக்கியைச் சுற்றியும், பிறகு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும், கடைசியாக வண்டியின் அடியிலும் பனியைத் தோண்டுங்கள். அடிச்சட்டம் பனிமேல் உட்கார்ந்துவிட்டால் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். தோண்டாமல் எந்தக் கியரும் உதவாது.

நான்கு சக்கரத்தின் வழியிலும் மணல் தூவி, ஸ்டியரிங்கை நேராக்கி, 4எல் போட்டு, சக்கரம் சுழலும்போது எஞ்சின் சக்தியைக் குறைக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்து, இரண்டாம் கியரில் மெதுவாக எடுங்கள். அசைந்தால் முன்னும் பின்னுமாக ஊஞ்சலாட்டலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் சக்கரம் நின்ற பிறகே கியரை மாற்றுங்கள்.

வேறு வண்டி இழுப்பதென்றால் பட்டையைச் சட்டத்தில் பொருத்திய மீட்புக் கொக்கியில் மாட்டுங்கள். டிரெய்லர் பந்தில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது உடைந்தால் குண்டாகப் பறந்து ஆளைக் கொல்லும்.

உதவி வரத் தாமதமானால் வண்டியை விட்டு நடக்க வேண்டாம். மணிக்குப் பத்து நிமிடம் போல எஞ்சினை ஓட்டி, காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியைச் சற்று இறக்கி வையுங்கள். ஒவ்வொரு முறை எஞ்சினைப் போடும் முன்பும் புகைபோக்கியை மறுபடி பாருங்கள். அது அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது.

10. வீடு திரும்பியதும்

தாருக்கு வந்தவுடன் 2எச்-க்கு மாற்றிவிடுங்கள். சக்கர உட்புறத்தில் உறைந்த பனியைத் தட்டியெடுங்கள், இல்லையென்றால் அடுத்த ஓட்டத்தில் ஸ்டியரிங் நடுங்கும். 0-க்கு மேல் ஏறும் முதல் நாளில் அடிப்பகுதியைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவி உப்பை நீக்குங்கள். பிரேக் குழாய்களும் பின்சட்டமும்தான் முதலில் துருப்பிடிப்பவை. மழையும் பனியும் இல்லாத மாதங்களிலும் மண்பாதையில் சில கிலோமீட்டர் 4எச் போட்டு ஓட்டுங்கள். 4எச்-க்கு மாற்றும் சிறு மோட்டார் நெடுநாள் அசையாமல் கிடந்தால், தேவைப்படும் நாளில் முன் அச்சை இணைக்காமல் போகும்.