குளிர் ஊர் டெண்டல் லேப்: அக்ரிலிக் பல் செட்டுல தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுசா டெண்டல் லேப்புக்கு வர்ற பொடியன்மாரும் பொண்ணுங்களும் நல்லாத்தான் படிச்சிட்டு வர்றாங்க, ஆனா பென்ச்ல உக்காந்து வேலைய தொடங்கினதும் ஒரு காலத்துல நாங்க பண்ணின அதே கூத்தத்தான் திரும்ப பண்றாங்க, பார்த்து பார்த்து அலுத்துப் போய்த்தான் இத எழுதுறேன். பிளாஸ்டர்ல குமிழி விடாதீங்க, வேக்ஸ ஒழுங்கா கழுவுங்க மாதிரி விஷயமெல்லாம் இதுல இல்ல. அதையெல்லாம் முதல் மாசத்துலயே யாராச்சும் ஏசி சொல்லிக்குடுத்துருவாங்க.

மெட்டீரியலோட வர்ற மேனுவல் எல்லாம் பெரும்பாலும் ரூம் 23 டிகிரின்னு வச்சுத்தான் நேரம் போட்டிருக்கும், கொதி தண்ணின்னா 100 டிகிரின்னு எடுத்துக்கும். நம்ம லேப் இருக்கிற இலங்கை மலைநாட்டு நுவரெலியா 1868 மீட்டர் உயரத்துல இருக்கு. காலையில ஸ்வெட்டரோட வந்து மோனோமர் (அக்ரிலிக் பவுடரோட கலக்கிற லிக்விட்) போத்தல தொட்டாலே கை விறைக்கும், இங்க அந்த நேரத்த அப்படியே நம்பி வேலை செஞ்சா எங்கயாச்சும் ஒரு இடத்துல இடிக்கும்.

டோ வரலன்னு பவுடர கொட்டுறது

பவுடர் 3 பங்கு, லிக்விட் 1 பங்கு, இது வால்யூம் கணக்கு. கலந்ததும் முதல்ல மணல் மாதிரி இருக்கும், அப்புறம் நூல் இழுக்கும், அதுக்கப்புறம்தான் ஜாடியில ஒட்டாம சுத்தமா பிரிஞ்சு வர்ற டோ ஸ்டேஜ். குளிருல இது மெதுவாத்தான் வரும். புது ஆட்கள் பொறுமை இல்லாம ரெண்டு கரண்டி பவுடர் கூட போட்டுருவாங்க, உடனே கையில ஒட்டாது, அவங்களும் டோ வந்துருச்சுன்னு சந்தோஷமா அச்சுக்குள்ள பேக் பண்ணிருவாங்க, ஆனா அது டோ இல்ல, நனையாத பவுடர். வெந்து வந்த செட்டுல வெள்ளை வெள்ளையா திட்டு இருக்கும், பொலிஷும் ஏறாது. இன்னும் சில பேர் ஜாடிய பர்னர் பக்கத்துல கொண்டு போய் வைப்பாங்க, மோனோமர் ஆவி எவ்வளவு சுலபமா தீப்பிடிக்கும்னு தெரிஞ்சா அத செய்ய மாட்டாங்க. மூடிய போட்டு வச்சுட்டு காத்திருங்க. வேற வழியே இல்ல.

சுடச்சுட ஃபிளாஸ்க்க பைப்புல காட்டுறது

ஃபிளாஸ்க்னா ஸ்டோன் (கெட்டி பிளாஸ்டர்) அச்சுக்குள்ள அக்ரிலிக்க அடைச்சு, தொட்டித் தண்ணியில கியூர் பண்ற, அதாவது வேக வைக்கிற, பித்தளைப் பெட்டி. இதுக்குத்தான் எனக்கு இன்னமும் கோவம் வருது. மத்த தப்பெல்லாம் ட்ரிம் பண்ணும்போதே கண்ணுக்குத் தெரிஞ்சிரும், இது நோயாளி வாய்க்குள்ள போற வரைக்கும் தெரியாது.

எங்க லேப்புல ஒரு தம்பி, கை சுத்தமான பொடியன், வேக்ஸ்-அப் பண்ணா, அதாவது மெழுகுல செட்ட வடிச்சா, ஈறு நிசமாவே ஈறு மாதிரி இருக்கும். ஒரு மேல் முழு செட்டு, தலவாக்கலை பக்கத்து தோட்டத்துல கொழுந்து எடுக்கிற அம்மா ஒருத்தருக்கு. டொக்டர் மறுநாள் கேக்கிறாருன்னு, கியூரிங் தொட்டியில இருந்து இடுக்கியால ஃபிளாஸ்க்க தூக்கி நேரா சிங்க்ல வச்சு பைப்ப தொறந்து விட்டுட்டான். நம்ம ஊர் பைப் தண்ணி எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்ல. கால் மணி நேரத்துல ஃபிளாஸ்க்க தட்டி, ஸ்டோன உடைச்சு, செட்ட எடுத்துட்டான். பார்க்க அவ்வளவு அழகு, ஒரு போரோசிட்டி (குமிழி ஓட்டை) இல்ல, பளபளன்னு பொலிஷ் பண்ணி அனுப்பியும் ஆச்சு.

கொஞ்ச நாள்ல திரும்பி வந்துச்சு. பேச வாய தொறந்தாலே மேல் செட்டு கீழ இறங்குதாம். நல்ல வேளை அந்த அம்மா வாயோட டூப்ளிகேட் ஸ்டோன் மாடல் ஒண்ணு ஊத்தி வச்சிருந்தோம். அதுல செட்ட உக்கார வச்சு பின்பக்கம் அண்ணத்த பார்த்தா, நடுவுல வெளிச்சம் தெரியுது, மேசையில கெடந்த விசிட்டிங் கார்டு ஒண்ண எடுத்து விட்டேன், ஓரம் தடையே இல்லாம உள்ள போச்சு. அந்த இடத்துலதான் செட்டு காத்த அடைச்சுப் பிடிக்கணும். அங்க கார்டு போனா காத்தும் போகும், அப்புறம் பிடிமானம் எங்க இருந்து வரும்?

ஏன் இப்படி ஆகுதுன்னா, 3க்கு 1 கலவை கியூர் ஆகும்போது கணக்குப்படி வால்யூம்ல கிட்டத்தட்ட 7 சதவீதம் சுருங்கும். ஆனா முடிஞ்ச செட்டோட நீள அகலத்துல நாம பாக்கிற சுருக்கம் 1 சதவீதத்துக்கும் கம்மி, அதுலயும் பெரும்பங்கு வேகும்போது வர்றதில்ல, ஆறும்போதுதான் வருது. அக்ரிலிக் சூட்டுல விரியுறதும் குளிருல சுருங்குறதும் ஸ்டோன விட பல மடங்கு கூட. தொட்டிய விட்டு வெளிய வரும்போது அது இன்னும் இளக்கமாத்தான் இருக்கும். மெதுவா ஆற விட்டா சுருங்க வர்ற இழுப்ப கொஞ்சம் கொஞ்சமா தானே தளர்த்திக்கும். சடார்னு ஐஸ் தண்ணியில காட்டினா வெளித்தோல் முதல்ல இறுகிரும், நடு இன்னும் சூடா இருக்கும், மெல்லிசான அண்ணம் ஒரு வேகத்துல ஆறும், தடிச்ச ரிட்ஜ் (ஈறு மேட்டுப் பக்கம்) இன்னொரு வேகத்துல ஆறும், இந்த இழுபறி எல்லாம் ஸ்டோன் பிடிச்சு வச்சிருக்கிற வரைக்கும் உள்ளேயே பூட்டிக் கெடக்கும். ஸ்டோன உடைச்சதும் தன் வேலைய காட்டும், ரெண்டு பக்க ஃபிளாஞ்சும் (ஓரச் சுவரும்) உள்பக்கம் இழுக்கும், பின் அண்ணம் மாடல விட்டு எழும்பும்.

தம்பிய கூப்பிட்டு கேட்டா, "அண்ணே, இன்ஜெக்ஷன்ல அப்படித்தானே பண்றாங்க, கொதி தண்ணியில இருந்து எடுத்து நேரா பச்சைத் தண்ணியில வைக்கிறாங்க, வீடியோல பார்த்தேன்"ங்கிறான். அவன் பார்த்தது பொய்யில்ல. ஐவோகேப் மாதிரி சிஸ்டத்துல 6 பார் பிரஷர்ல மெட்டீரியல உள்ள தள்ளிக்கிட்டே கொதி தண்ணியில 35 நிமிஷம் வச்சு கியூர் பண்ணுவாங்க, சுருங்குற இடத்துக்கெல்லாம் புது மெட்டீரியல் வந்து நிரம்பிக்கிட்டே இருக்கும், குளிர வைக்கும்போதும் பிரஷர உடனே கழட்ட மாட்டாங்க. நம்ம பித்தளை ஃபிளாஸ்க்குக்கு பின்னால என்ன பிரஷர் இருக்கு? ஒரு கிளாம்ப், அவ்வளவுதான். புது முறையில இருந்து ஒரு படிய மட்டும் பிடுங்கிக்கிட்டு வந்து பழைய முறையில ஒட்ட வைக்கிற இந்த பழக்கம்தான் இப்ப நான் அதிகமா பாக்கிற வியாதி.

செய்ய வேண்டியது ரொம்ப சின்ன விஷயம். ஃபிளாஸ்க்க வெளிய எடுத்து பென்ச்ல குறைஞ்சது அரை மணி நேரம் வைங்க, அதுக்கப்புறம் ஒரு கால் மணி நேரம் பச்சைத் தண்ணியில, அதுவும் பைப்ப தொறந்து விடாம வாளியில. அதுதான் புத்தகத்துல இருக்கிறது. நான் சொல்றது இன்னும் சுலபம், சாயங்காலம் கியூரிங் முடிஞ்சா தொட்டிய ஆஃப் பண்ணிட்டு ஃபிளாஸ்க்க அந்த தண்ணிக்குள்ளயே விட்டுட்டு வீட்டுக்குப் போங்க, காலையில வந்து தொறங்க. டொக்டர் அவசரப்படுத்தினா ஃபோன் எடுத்து ஒரு நாள் கூட வேணும்னு சொல்லுங்க, ஏசினா ஏசட்டும். அந்த அம்மா திரும்ப அளவு குடுக்க ஹட்டன் டவுனுக்கு வரணும்னா அன்னைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகுது, பஸ் காசு போகுது, நமக்கு மெட்டீரியல் போகுது, அதோட அந்த டொக்டர் அடுத்த வேலைய கண்டி லேப்புக்கு அனுப்பிருவாரு.

பின்னால செல்ஃப் கியூர் (சூடு இல்லாம தானா இறுகுற அக்ரிலிக்) வச்சு அடைச்சுக் குடுத்துரலாம்னு ஒரு யோசனை வரும் பாருங்க, அதையும் செய்யாதீங்க. செட்டு முழுக்க வளைஞ்சிருக்கு, பின் ஓரத்த மட்டும் அடைச்சா என்ன ஆகப் போகுது? செல்ஃப் கியூர்ல மிச்ச மோனோமரும் கூட இருக்கும், வெத்தலை போடுற வாயில அந்த ஒட்டு மட்டும் தனியா நிறம் மாறி நிக்கும்.

கொதிச்சா 100 டிகிரின்னு நம்புறது

நுவரெலியாவுல தண்ணி 94 பக்கமே கொதிச்சிரும், ஹட்டன்ல 96 வரும். 74ல ரெண்டு மணி நேரம், அப்புறம் 100ல ஒரு மணி நேரம்ங்கிற சைக்கிள்ல அந்த கடைசிக் கொதி எதுக்குன்னா, மெல்லிசான இடத்துல மிச்சமிருக்கிற மோனோமர முடிக்கத்தான். தடிச்ச இடம் தன் சூட்டுலயே வெந்துரும், மெல்லிசான அண்ணம் தொட்டிய நம்பித்தான் இருக்கு. அதனால நான் 74ல ராத்திரி முழுக்க விட்டுட்டு கொதியையும் கொஞ்சம் நீட்டுவேன், கரண்ட் பில் கூடத்தான் வரும், பரவாயில்ல. அதுக்காக "நம்ம தொட்டி சூடு கம்மிதானே"ன்னு ஃபிளாஸ்க்க நேரா கொதி தண்ணியில போட்டுராதீங்க. கடல் மட்டத்துல 100.8ல கொதிக்கிற மோனோமர் இங்க அதுக்கு முந்தியே கொதிக்கும், தடிச்ச கீழ் செட்டுக்குள்ள சூடு தொட்டிய விட மேல போகும், வெட்டிப் பார்த்தா உள்ள எல்லாம் ஓட்டை. தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வைங்க.

பல்லு மேல கோல்ட் மோல்ட் சீல்

அக்ரிலிக் ஸ்டோன்ல ஒட்டாம இருக்கப் பூசுற இந்த லிக்விட்ட ஸ்டோனுக்கு மட்டும் பூசுங்க. பல்லுல பட்டா அந்தப் பல்லு சோத்தோட வரும்.

மைக்ரோவேவ்ல பித்தளை ஃபிளாஸ்க்

வைக்காதீங்க. 1968லயே ஜப்பான்ல சொன்ன முறைதான், ஆனா அதுக்கு ஃபைபர் ஃபிளாஸ்க் வேணும், அதுக்குன்னு செஞ்ச அக்ரிலிக் வேணும். நிமிஷக் கணக்குல வெந்துரும், ஆனா ஆறுறதுக்கு இங்கயும் அதே பொறுமைதான்.

பிரிண்டர் வந்தாச்சு, இனி தப்பே வராதுன்னு நெனைக்கிறது

மில்லிங்ல, அதாவது அக்ரிலிக் டிஸ்க்க மெஷின்ல வெட்டி செட்டு எடுக்கிறதுல, அது ஓரளவு உண்மை, டிஸ்க் ஃபாக்டரியிலயே பிரஷர்ல கியூர் ஆகி சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கித்தான் வருது, நாம வெட்டி எடுக்கிறதோட சரி, பல்ல ஒட்டுற வேலையில மட்டும் கவனம் வேணும். பிரிண்டிங் அப்படியில்ல. மெஷின்ல இருந்து வர்றது பாதி வெந்த செட்டு. அதுல ஒட்டியிருக்கிற ரெசின (பிரிண்டர்ல ஊத்துற லிக்விட்ட) ஆல்கஹால்ல கழுவணும், கழுவுறேன்னு அதுலயே ஊற வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டா மேல்பரப்பு கெட்டுப் போகும். நல்லா காய வச்சு, அதுக்கப்புறம்தான் லைட் பெட்டியில ரெசின்காரன் சொன்ன நேரம் முழுக்க வைக்கணும். பாதி நேரத்துல எடுத்த செட்டு பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும், வளைச்சுப் பார்த்தாத்தான் வித்தியாசம் தெரியும்.

இன்னொண்ணு, டிசம்பர் ஜனவரி காலையில ரெசின் தேன் மாதிரி தடிச்சுக் கெடக்கும், அந்த நிலையில பிரிண்ட் போட்டா லேயர் சரியா பரவாது, பாதியில கழண்டு தொட்டிக்குள்ள விழும். ரூம முதல்ல சூடாக்குங்க, போத்தல நல்லா குலுக்கிட்டு ஊத்துங்க.

முடிஞ்ச செட்ட டிஷ்யூல சுத்தி அனுப்புறது

தண்ணியில போட்டு அனுப்புங்க.