மூண்டு சப்ளையும் ஒழுங்கா ஏறினாப் போதாது, இறங்கேக்கையும் பாருங்கோ

சர்க்கிட் போர்ட் டிசைன் பண்ணுற எங்கட பெடியள் கனபேர் 1.0, 1.8, 3.3 வோல்ட் சப்ளை மூண்டையும் மீட்டரில அளந்துபோட்டு சரி எண்டு விட்டிடினம். மீட்டர் காட்டுறது எல்லாம் ஏறி முடிஞ்ச பிறகு உள்ள வோல்டேஜ், பிரச்சினை நடக்கிறது அதுக்கு முதல் சில மில்லிசெக்கன்டுக்குள்ள. ஒரு சிப்புக்கு சப்ளை வர முதலே பக்கத்து சிப் அதின்ர பின்னுக்கு 3.3 குடுத்தா, உள்ளுக்க இருக்கிற டயோட் வழியா கரண்ட் பாயும், லாட்ச்-அப் (உள்ளுக்கயே ஷோர்ட் ஆகி, பவரை நிப்பாட்டுமட்டும் விடாம நிக்கிறது) ஆனா சிப் சூடேறிச் செத்தும் போகும்.

எந்தச் சப்ளை முதல், எது பிறகு எண்ட ஒழுங்கு டேட்டாஷீட்டில கிடக்கு, தயவுசெய்து வாசியுங்கோ. ஆர்ட்டிக்ஸ்-7 எண்ட எஃப்பிஜிஏ சிப்புக்கு (உள் லாஜிக்கை நாங்களே அமைக்கிற சிப்) கோர், அதாவது உள் லாஜிக்கின்ர சப்ளை முதல், பிறகு ஆக்ஸ் எண்ட துணைச் சப்ளை, கடைசியா ஐஓ எண்ட வெளிப் பின்களின்ர சப்ளை, நிப்பாட்டேக்க அதுக்குத் தலைகீழ். ஐஓ 3.3 எண்டா அது ஆக்ஸை விட 2.625 வோல்டுக்கு மேல கூடி நிக்கிறதுக்கும் நேரக் கட்டுப்பாடு இருக்கு.

அடுத்தது, ரெகுலேட்டரை ஒன் பண்ணுற எனேபிள் பின்னில ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும் போட்டு டிலே எடுக்கிறது. மேசையில நல்லா வேலை செய்யும், ஆனா யாழ்ப்பாணத்தில கார்த்திகை மழைக்க கரண்ட் ஒருக்காப் போய் உடன வந்தா அந்தக் கப்பாசிட்டர் வடிஞ்சிருக்காது, ரெண்டாந்தரம் டிலேயே இல்லாம எல்லாம் ஒண்டா ஏறும், பிறகு போர்ட் ஏன் பூட் ஆகேல்லை எண்டு புரோகிராமில பிழை தேடிக்கொண்டு இருப்பம். ரெசிஸ்டருக்குக் குறுக்கால ஒரு டயோட் போட்டா கெதியா வடியும். ஒரு சப்ளை சரியா ஏறிட்டுது எண்டு சொல்லுற பவர்-குட் சிக்னலை அடுத்த சப்ளையின்ர எனேபிளுக்குக் குடுக்கிறது இன்னும் நல்லம்.

ஆனா பவர்-குட் சங்கிலி ஏறுறதுக்கு மட்டும்தான். இறங்கேக்க ஒவ்வொண்டும் தன்ர லோடைப் பொறுத்து விழும், 470 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் லோட் இல்லாத ஐஓவும் எண்டா கோர் சைபருக்கு வந்த பிறகும் அது நிக்கும். டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் போடுங்கோ, இல்லாட்டி எல்எம்3880 மாதிரி ஒழுங்கா ஏத்தி தலைகீழா நிப்பாட்டுற சீக்குவன்சர் சிப் போடுங்கோ. ஆனா மெயின் கரண்டே போனா சீக்குவன்சரும் சேந்துதான் போகும், அதால இன்புட் விழத் தொடங்கினதை உடன பிடிக்கவும் வேணும், இறக்கி முடியுமட்டும் தாங்கிற கப்பாசிட்டரும் வேணும். இதைத்தான் கனபேர் விடுறது.

ட்ராக்கிங், அதாவது ஒரு சப்ளையைப் பாத்து மற்றது ஏறுறது எண்டா, எல்லாம் ஒரே வோல்டேஜில சேந்து ஏறோணுமெண்டால் கூடின வோல்டேஜ்தான் மாஸ்டர், மற்றதுகள் அதைப் பின்பற்றும். லைட்-லோட் மோட்டில (லோட் குறையேக்க பவரை மிச்சம் பிடிக்கிற மோட்) கிடக்கிற பக் கன்வேர்ட்டர் (வோல்டேஜைக் குறைச்சுக் குடுக்கிற ரெகுலேட்டர்) தன்ர அவுட்புட் வோல்டேஜைக் கீழ இழுக்காது, ஏறேக்க வோல்டேஜ் கோடுகள் அழகா இருந்தாலும் இறங்கேக்க பிரிஞ்சுபோகும்.

ஒசிலோஸ்கோப்பில மூண்டு சனலும் போட்டு சிங்கிள் ட்ரிகரில (ஒருக்கா மட்டும் பிடிச்சு நிக்கிற மாதிரி) ஒன், ஓஃப், பிறகு சட்டெண்டு ஓஃப்-ஒன், மூண்டையும் பிடியுங்கோ, லோட் இல்லாமலும் முழு லோடிலயும்.