பத்திரிகை இன்டர்ன்ஷிப்: விண்ணப்பத்திலிருந்து விடைபெறும் நாள் வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்டர்ன்ஷிப் கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படிப்பதற்கென்று பெரும்பாலான பத்திரிகை அலுவலகங்களில் தனி ஆள் கிடையாது. பக்கம் முடிக்கும் அவசரத்துக்கு நடுவே டெஸ்க்கில், அதாவது செய்திகளைத் திருத்தும் பிரிவில், இருக்கும் ஒரு உதவி ஆசிரியரின் தலையில் அந்த வேலை விழும். கிடைக்கிற சில நிமிடங்களில் அவர் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த ஆள் எழுதிக் கொடுப்பதை நம்பிப் பக்கத்தில் வைக்கலாமா? நடை, ஆர்வம், பட்டம் எல்லாம் அப்புறம். நல்ல திறமை உள்ளவர்கள்கூட சறுக்குவது இதைக் கவனிக்காமல்தான்.

முதல் சறுக்கல் கடிதத்திலேயே தொடங்கிவிடும். 'சிறு வயது முதலே எழுத்தின் மீது எனக்குத் தீராத தாகம்' என்று ஆரம்பிக்கும் மெயிலை ஆசிரியர் குழு நூறு முறை படித்திருக்கும். அதே கடிதத்தைப் பத்து இடங்களுக்கு அனுப்பி, ஒன்றில் வேறு பத்திரிகையின் பெயரை மாற்ற மறந்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. ஆசிரியரின் பெயரைத் தப்பாக எழுதினாலும் அப்படித்தான். கடிதத்தில் ஒரு பெயரைச் சரிபார்க்காதவர் செய்தியில் மட்டும் சரிபார்ப்பாரா என்று யாருக்கும் தோன்றும்.

தாகத்தைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டு, அந்தப் பத்திரிகையைப் படித்திருக்கிறீர்கள் என்று காட்டுங்கள். 'பேருந்துத் தடங்கள் குறைக்கப்பட்டது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் பயணிகள் பேசியிருந்தார்கள். இரவுப் பணி ஓட்டுநர்களின் தரப்பு இல்லை. அவர்களில் மூன்று பேரிடம் பேசினேன், குறிப்புகளை இணைத்திருக்கிறேன்' என்று ஒருவர் எழுதினால் அவரைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. புகழ்ந்து எழுதத் தேவையில்லை, குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றும் இல்லை. படித்தேன், யோசித்தேன், நேரில் போய்க் கேட்டேன் என்பது தெரிந்தால் போதும்.

மாதிரிக் கட்டுரைகளிலும் இதே கோளாறுதான். கவிதை, பேச்சுப்போட்டிக் கட்டுரை, 'இன்றைய இளைஞர்களும் சமூக ஊடகமும்' வகையறா. அவை நன்றாகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் ஒரு மனிதரிடம் போய்க் கேள்வி கேட்டுப் பதில் வாங்கி வரக்கூடியவர் என்பதற்கு அவற்றில் சான்று எதுவும் இல்லை. கல்லூரி நூலகத்தை ஏன் மாலை ஆறு மணிக்கே மூடுகிறார்கள் என்று முந்நூறு வார்த்தையில் ஒரு செய்தி எழுதுங்கள். நூலகர் சொன்னது, இரண்டு மாணவர்கள் சொன்னது, சுற்றறிக்கையின் தேதி, நிர்வாகம் பதில் சொல்ல மறுத்தது என நான்கும் அதில் இருக்கட்டும். இருபது கருத்துக் கட்டுரைகளைவிட இந்த ஒன்று கனமானது. எங்கும் வெளியாகவில்லை என்றாலும் பரவாயில்லை. மூன்று துண்டுகள் போதும், ஆனால் மூன்றும் நீங்கள் அலைந்து எழுதியவையாக இருக்க வேண்டும்.

காலக்கெடு விஷயத்தில் பலர் அநியாயமாகக் கோட்டை விடுகிறார்கள். கோடை விடுமுறையில் சேர வேண்டுமென்றால் கோடை வந்ததும் கேட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பெரிய திட்டங்களில் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே கதவைச் சாத்திவிடுவார்கள். பத்திரிகைப் பயிற்சிக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும், 1958-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க அமைப்பான டவ் ஜோன்ஸ் நியூஸ் ஃபண்ட், அடுத்த கோடைக்கான ஆட்களை அப்படித்தான் எடுக்கிறது. விண்ணப்பத்தோடு தேர்வும் உண்டு. இன்னொன்று, இணையத்தில் சுற்றும் பழைய பட்டியல்களை நம்ப வேண்டாம். நியூயார்க் டைம்ஸ் தன்னுடைய கோடை இன்டர்ன்ஷிப்பை நிறுத்தி, 2019 முதல் ஓராண்டு ஃபெலோஷிப்பாக மாற்றிவிட்டது. பழைய பட்டியலைப் பிடித்துக்கொண்டு நடப்பில் இல்லாத திட்டத்துக்கு விண்ணப்பம் தயார் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். சின்ன இடங்களுக்கு இந்தக் கெடுவெல்லாம் பெரும்பாலும் இருக்காது. நேராகப் பொறுப்பாசிரியருக்கு எழுதலாம், பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். தினமும் போன் செய்யக் கூடாது.

நாளிதழும் மாத இதழும் ஒன்றில்லை

பெரிய பெயரைப் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பது இன்னொரு தவறு. பிரபலமான அலுவலகத்தில் இரண்டு மாதம் பேட்டிகளைத் தட்டச்சு செய்துவிட்டு, தன் பெயரோடு வெளியான ஒரு செய்திகூட (பைலைன்) இல்லாமல் வெளியே வருபவர்கள் உண்டு. ஆள் பற்றாக்குறையுள்ள சிறு நாளிதழில் சேர்ந்து, முதல் வாரமே நீதிமன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் போய்வந்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் முதல் இன்டர்ன்ஷிப்புக்கு இரண்டாவது வகைதான் நல்லது.

மாத இதழுக்குப் போகிறவர்கள் அதன் கடிகாரம் வேறு என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அங்கே இதழ்கள் பல வாரங்கள், சில இடங்களில் மாதங்கள் முன்பே திட்டமிடப்படும். கோடை பற்றிய யோசனையைக் கோடை தொடங்கியபின் ஆசிரியர் கூட்டத்தில் வைத்தால், எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். நேற்று நடந்ததை எழுதுகிறேன் என்று சொல்வதும் அங்கே எடுபடாது. அதை நாளிதழ் எழுதி முடித்திருக்கும்.

'தண்ணீர்ப் பிரச்சினை பற்றி எழுதட்டுமா?' என்று கேட்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். அது தலைப்பு மட்டுமே, செய்தி ஆகாது. யாருக்கு என்ன நடந்தது, எது மாறியது, யார் பதில் சொல்ல வேண்டும், இப்போது ஏன் எழுத வேண்டும் என்ற கேள்விகளுக்கு இரண்டு வரியில் பதில் இருந்தால்தான் அது செய்தி. 'ஒரே குடியிருப்பில் முன்பக்க வீடுகளுக்குத் தண்ணீர் வருகிறது, பின்பக்க வீடுகளுக்கு மூன்று மாதமாக வரவில்லை. குழாய் மாற்றிய ஒப்பந்ததாரர் வேலை முடிந்ததாகப் பில் கொடுத்திருக்கிறார்' என்று சொன்னால் ஆசிரியர் நாற்காலியை உங்கள் பக்கம் திருப்புவார்.

உள்ளே போன பிறகு

2013 ஜூலை 6 அன்று ஏசியானா விமானம் 214 சான் பிரான்சிஸ்கோவில் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளாகி மூன்று பேர் இறந்தார்கள். சில நாள் கழித்து, அந்தப் பகுதியைச் சேர்ந்த கேடிவியூ தொலைக்காட்சி நான்கு விமானிகளின் பெயர்கள் என்று சொல்லி நேரலையில் வாசித்தது. எல்லாமே போலிப் பெயர்கள். ஆசியப் பெயர்களைக் கேலி செய்ய யாரோ இட்டுக்கட்டியவை. தொலைக்காட்சிக்காரர்கள் விசாரிக்காமலும் இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார்கள். எதிர்முனையில் எடுத்தவர் சரிதான் என்று சொல்லியிருக்கிறார். அவர் அங்கே கோடைக்காலப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு இன்டர்ன். தன் அதிகார எல்லையை மீறி அவர் பதில் சொல்லிவிட்டார் என்று வாரியம் மன்னிப்புக் கேட்டது. தொலைக்காட்சியும் மன்னிப்புக் கேட்டு இரண்டு விஷயங்களை ஒப்புக்கொண்டது: அந்தப் பெயர்களை ஒருமுறைகூட வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை, உறுதி செய்தவரிடம் உங்கள் பதவி என்ன என்று கேட்கவில்லை.

இன்டர்ன்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரே சம்பவத்தில் அடங்கிவிடுகிறது. தெரியாததைத் தெரியும் என்று சொல்வது முதலாவது. அலுவலகப் போனை எடுத்தால் 'நான் பயிற்சிக்கு வந்திருக்கிறேன், உரியவரிடம் இணைக்கிறேன்' என்று சொல்வதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. நீங்கள் கேட்கும் பக்கத்தில் இருந்தால், பதில் சொன்னவரின் முழுப்பெயர், பதவி, பேசிய நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளாமல் போனை வைக்காதீர்கள். 'ஆபீஸில் சொன்னார்கள்' என்பதை வைத்துக்கொண்டு எந்த டெஸ்க்கும் பக்கம் போடாது. பெயர்களை எழுத்துக் கூட்டிக் கேளுங்கள், இனிஷியலோடு. கண்ணன் என்று எழுதிவிட்டு, அவர் கண்ணையன் என்று மறுநாள் போன் வந்தால் செய்தியில் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

சரிபார்ப்பதற்குப் பத்திரிகை அலுவலகங்களில் ஒரு பழைய முறை இருக்கிறது. காப்பியை, அதாவது எழுதி முடித்த செய்தியை, பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு பெயர், எண், தேதி, ஊர், பதவிக்குக் கீழும் பென்சிலால் கோடு போடுவார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரே, இது எங்கிருந்து வந்தது என்று ஓரத்தில் எழுதுவார்கள்: நோட்டின் பக்கம், ஆவணம், ஆள். எதிரே எழுத எதுவும் இல்லாத கோடு நின்றால், அந்தத் தகவல் வெளியே போகும். முதல் தடவை செய்யும்போது உங்கள் கட்டுரையில் எத்தனை கோடுகள் அநாதையாக நிற்கின்றன என்று பார்த்து நீங்களே திகைத்துப் போவீர்கள். நம் காப்பியை வேறு யாராவது சரிபார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடவும் முடியாது. உண்மை சரிபார்க்கப் பெரிய பிரிவே வைத்திருக்கும் ஜெர்மனியின் டெர் ஷ்பீகல், தன் நிருபர் கிளாஸ் ரெலோட்டியஸ் பல கட்டுரைகளில் இட்டுக்கட்டியிருந்ததை 2018 டிசம்பரில்தான் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதுவும் அவரோடு சேர்ந்து எழுதிய சக நிருபருக்குச் சந்தேகம் வந்ததால்.

மேற்கோள் விஷயத்தில் சமரசமே கூடாது. சொன்னவர் சொன்ன அர்த்தம் இதுதானே என்று வாக்கியத்தை அழகாக்கி மேற்கோள் குறிக்குள் போடுவதில்தான் தவறு ஆரம்பிக்கும். நியூயார்க் டைம்ஸில் 1998-இல் இன்டர்னாக நுழைந்த ஜேசன் பிளேர் 2003 மே மாதம் ராஜினாமா செய்தபோது, முந்தைய அக்டோபரிலிருந்து அவர் எழுதிய 73 கட்டுரைகளில் குறைந்தது 36-இல் பிரச்சினை இருந்தது என்று அந்தப் பத்திரிகையே எழுதியது. போகாத ஊரிலிருந்து எழுதியது, பிறர் எழுத்தை எடுத்தது, இல்லாததைச் சேர்த்தது. சொன்னது சரியாக ஞாபகம் இல்லையென்றால் மேற்கோள் குறியை எடுத்துவிட்டு உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். இல்லை, திரும்பக் கூப்பிட்டுக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. பதிவு செய்த பேட்டியை எழுத்தாக்கவும் நீண்ட அறிக்கையில் ஒரு பகுதியைத் தேடவும் உதவும், சரி. ஆனால் அது தரும் தகவலை அப்படியே காப்பியில் ஏற்றுவது தற்கொலைக்குச் சமம். 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸோடு வந்த ஓர் இணைப்பில் கோடையில் படிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல் ஒன்று இருந்தது. எழுத்தாளர்கள் நிஜம், பல புத்தகங்கள் உலகத்திலேயே இல்லை. வெளியிலிருந்து வாங்கிய பக்கம்தான், எழுதியவர் ஏஐயை நம்பிச் சரிபார்க்காமல் விட்டதுதான் காரணம். ஆனாலும் வாசகர் திட்டியது பத்திரிகையைத்தான். உங்கள் அலுவலகத்தில் ஏஐ பற்றி என்ன விதி என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். 'இது ஆஃப் தி ரெக்கார்ட், வெளியிடக் கூடாது' என்று ஒருவர் பேசி முடித்தபின் சொன்னால் என்ன செய்வது என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் சீனியரிடம் கேளுங்கள். வெளியாகும் முன் கட்டுரையைப் பேட்டி கொடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அன்பளிப்பு வாங்காதீர்கள். ஆசிரியர் கூட்டத்தில் பேசியதை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். உறவினர், நண்பர் சம்பந்தப்பட்ட செய்தி என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கலவரம் நடக்கும் இடத்துக்குத் தனியாகப் போகச் சொன்னால் மறுக்கலாம், அதற்காக உங்களைக் குறைவாக எண்ணும் இடத்தில் கற்றுக்கொள்ளவும் அதிகம் இருக்காது.

சம்பளம் கேட்கக் கூச்சப்படுவது

சம்பளம், பைலைன், வேலை நேரம், காப்பியைத் திருத்தப் போவது யார்: இவற்றைச் சேரும் முன்பே கேளுங்கள். கேட்டால் வாய்ப்பு போய்விடும் என்ற பயம் இயல்புதான். ஆனால் இது உலகெங்கும் வழக்கு வரை போன விஷயம். வோக், நியூயார்க்கர் போன்றவற்றை வெளியிடும் கோண்டே நாஸ்ட் மீது முன்னாள் இன்டர்ன்கள் ஊதியம் கேட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். 2013-இல் அந்த நிறுவனம் இன்டர்ன்ஷிப் திட்டத்தையே நிறுத்திவிட்டு, 2014-இல் 58 லட்சம் டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது. சம்பளம் இல்லாத இடத்தில் சேரவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், அப்படி மறுக்கும் வசதி எல்லோருக்கும் இருக்காது. பணம் இல்லையென்றால் பைலைனாவது, தினமும் காப்பியை உட்கார்ந்து திருத்திச் சொல்லும் ஓர் ஆளாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது இலவச வேலை. நீங்களே பணம் கட்டினால்தான் இன்டர்ன்ஷிப் என்று சொல்பவர்கள் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்.

விடைபெறும்போது பெரும்பாலோர் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். சான்றிதழை அடுத்த இடத்தில் யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை. வெளியான ஒவ்வொன்றையும் பிடிஎஃப் எடுத்து வையுங்கள், இணையதளத்தின் வடிவமைப்பை மாற்றினால் பழைய இணைப்புகள் செத்துப்போகும். பரிந்துரை கேட்பதானால் பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் காப்பியைத் திருத்தியவரிடம் கேளுங்கள். நீங்கள் என்ன தரத்தில் கொடுத்தீர்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். அப்படியே, திருத்துவதற்கு முன் நீங்கள் கொடுத்த மூலக் காப்பியையும் பிடிஎஃப் பக்கத்திலேயே சேமித்து வையுங்கள். அடுத்த நேர்காணலில் 'இதில் டெஸ்க் எழுதியது எவ்வளவு, நீங்கள் எழுதியது எவ்வளவு?' என்று கேட்பார்கள்.