கல்யாண நாள் பயணத்தில் தங்கும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டால்

அப்பா முப்பத்திரண்டு வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தார். அதில் பாதிக்கு மேல் மதுரை - கொடைக்கானல் வண்டி. நைட் ஹால்ட் என்றால் பேருந்து நிலையத்து ஓய்வறையில் படுத்துவிட்டு, விடியற்காலை முதல் டிரிப்பில் இறங்கிவிடுவார். அம்மா அந்த ஊரில் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது 1984 வைகாசியில். நாற்பது வருடம் நிறைந்ததும் 2024 மே கடைசியில் பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து அவர்களைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போனோம். கைக்குழந்தையோடு சேர்த்து பதினோரு பேர். மூன்று படுக்கையறை உள்ள ஒரு காட்டேஜ், இரவுக்கு 9,000 ரூபாய், இரண்டு இரவு. பாதிப் பணத்தை முன்பணமாகக் கட்டியிருந்தோம்.

மாலை ஆறே முக்காலுக்கு வாசலில் போய் நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த அண்ணன் குடையோடு ஓடி வந்து, "அக்கா, ரெண்டு ரூம்ல வேற ஆளுங்க இருக்காங்க. உங்களுக்கு ஒரு ரூம்தான் இருக்கு" என்றார். அந்த ஒரு அறைக்கும் சாலையிலிருந்து ஐம்பதுக்கு மேல் மண் படி இறங்க வேண்டும். சுவரெல்லாம் ஈரம். கழிப்பறை தரையோடு இருக்கும் இந்திய வகை. அம்மாவுக்கு முழங்கால் மடங்காது.

அன்று நாங்கள் சிலதைச் சரியாகச் செய்தோம், சிலதைத் தவறவிட்டோம். இப்போது இதே நிலையில் யாராவது ஒரு வாசலில் நின்றுகொண்டு இதைப் படித்தால் அவர்களுக்கு முதலில் பயன்பட வேண்டும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். முன்பதிவு பற்றி அப்புறம்.

வாசலில் நிற்கும்போது

பெட்டிகளை இறக்காதீர்கள். வேன் டிரைவரிடம் "அண்ணே, அரை மணி நேரம் இருங்க" என்று சொல்லி நிறுத்தி வையுங்கள். காத்திருப்புக்குப் பணம் கேட்டால் கொடுத்துவிடலாம். இருட்டில், மழையில், மலையில் வேன் கையில் இருப்பதுதான் பெரிய பலம். எங்கள் மாப்பிள்ளை அவசரப்பட்டு நான்கு பெட்டியைக் கீழே இறக்கிவிட்டார். அதைத் திரும்ப மேலே ஏற்றுவதற்குள் எல்லோரும் நனைந்துவிட்டோம்.

அடுத்து வயதானவர்களையும் குழந்தையையும் அந்த இடத்திலிருந்து விலக்குங்கள். பக்கத்தில் டீக்கடை இருந்தால் அங்கே உட்கார வையுங்கள், இல்லையென்றால் வேனுக்குள்ளேயே இருக்கட்டும். கொடைக்கானலில் மே மாதத்திலும் இரவுக் குளிர் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிக்கு இறங்கிவிடும். குளிர் மட்டுமல்ல காரணம். நம் சத்தத்தைக் கேட்டால் "எனக்காகத்தானே இவ்வளவு பாடு" என்று அவர்கள் மனம் உடைந்துபோவார்கள். "ஏங்க, நம்ம வீட்டுக்கே போயிடலாம்ங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அதை இன்னும் மறக்க முடியவில்லை.

மீதிப் பணம் கொடுக்காதீர்கள். "இந்த ஒரு ரூமை இப்போதைக்கு எடுத்துக்கோங்க, காலையில் பார்த்துக்கலாம்" என்பார்கள். அதில் தங்கிவிட்டால், கொடுத்ததை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகப் பேச அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். வேறு வழியே இல்லாமல் தங்க நேர்ந்தால், "ஒரு அறை மட்டுமே தந்தீர்கள், வேறு இடம் கிடைக்காததால் இன்று ஒரு இரவு மட்டும் தங்குகிறோம்" என்று அந்த நிமிடமே எழுதி அனுப்பிவிடுங்கள்.

போனில் வீடியோ எடுங்கள். வாசல், படி, அறை, சுவர், கழிப்பறை என்று ஒரே ஓட்டமாக, நிறுத்தாமல். தேதியையும் நேரத்தையும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அந்த அண்ணனிடம் கோபப்படாமல், "எங்க ரூம்ல வேற ஆளுங்க எப்ப வந்தாங்க?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். அவர் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர், அறையை மாற்றிக் கொடுத்தது அவர் இல்லை. பக்கத்தில் எங்கே அறை காலியாக இருக்கும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். என் தம்பி அவரிடம் குரல் உயர்த்தினான், அவர் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. அன்று நாங்கள் இழந்த நல்ல உதவி அதுதான்.

இனி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் முன்பதிவு செய்த நிறுவனத்தோடு பேச வேண்டும், இன்னொருவர் அதே நேரத்தில் வேறு இடம் தேட வேண்டும். நிறுவனத்திடம் மூன்று விஷயம் கேளுங்கள்: அதே தரத்தில் மாற்று இடம், வாடகை கூடினால் அந்த வித்தியாசம், அங்கே போக வண்டிச் செலவு. போனில் பேசியதை உடனே அவர்கள் ஆப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தாக அனுப்புங்கள். "அரை மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் நாங்களே இடம் பார்த்துக்கொள்கிறோம், செலவை உங்களிடம் கேட்போம்" என்று சேர்த்து எழுதுங்கள். எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆகியும் "பார்க்கிறோம்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை.

இடம் தேடும்போது பதினோரு பேருக்கும் ஒரே கூரை வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். எங்களுக்கு ஒரு மணி நேரம் வீணானது அதில்தான். இருப்பதில் நல்ல அறை பெரியவர்களுக்கு, அடுத்தது குழந்தை உள்ளவர்களுக்கு, மற்றவர்கள் எங்கே கிடைத்தாலும் படுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு இரவுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். மறுநாள் காலை பத்து மணியிலிருந்து மத்தியானத்துக்குள் பலர் அறையைக் காலி செய்வார்கள். அப்போது பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்து மாறிக்கொள்ளலாம். அறையைக் கண்ணால் பார்க்காமல் பேருந்து நிலையத்தில் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். பில் கேட்டு வாங்குங்கள், பின்னால் அதுதான் சாட்சி.

எங்களுக்கு வழி காட்டியது அப்பா. வேனுக்குள் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, விடு. வண்டியை மூஞ்சிக்கல்லுக்குத் திருப்பச் சொல்லு" என்றார். அங்கே அவர் அந்தக் காலத்தில் சாப்பிட்ட ஒரு மெஸ். பெரியவர் காலமாகிவிட்டார், மகன் நடத்துகிறார். அப்பாவைப் பார்த்ததும் அவர் கல்லாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். எங்களை உட்கார வைத்து இட்லி போடச் சொல்லிவிட்டு, அவரே நாலு இடத்துக்குப் போன் அடித்தார். பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் இரண்டு அறை கிடைத்தது. மற்றவர்களுக்கு இன்னொரு இடத்தில் ஒரு ஹால். தெரிந்த ஊர் என்றால் தெரிந்த மனிதர்களைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். தெரியாத ஊரில் சாப்பாட்டுக் கடைக்காரர், மருந்துக்கடைக்காரர், உள்ளூர் டாக்ஸி ஸ்டாண்டு. ஒரே இடத்தில் வருடக்கணக்காகத் தொழில் செய்கிறவர்கள் பொதுவாகத் தவறான இடத்தைக் கைகாட்ட மாட்டார்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்பது

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அந்த முகவரியில் அப்படி ஒரு வீடே இல்லை, போனும் அணைந்துவிட்டது என்றால் அது மோசடி. கொஞ்சமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் வேறு கணக்குகளுக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் அதை முடக்க வாய்ப்பு உண்டு. வீடு இருக்கிறது, ஆனால் பேசியபடி தரவில்லை என்றால் அது நுகர்வோர் புகார்.

அதற்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து ஒரு எண் கொடுப்பார்கள், பிறகு நிறுவனத்திடம் பதில் கேட்பார்கள். அது நீதிமன்றம் இல்லை, சமரசத்துக்கான வழி. ஆனாலும் பெரிய நிறுவனங்கள் அங்கிருந்து வரும் புகாருக்குப் பதில் சொல்கின்றன. நான் ஊர் திரும்பிய மறுநாளே பதிந்தேன். வீடியோ, பில், வேன் ரசீது, பணம் கட்டிய விவரம் எல்லாவற்றையும் இணைத்தேன். பத்தொன்பதாம் நாள் முன்பணம் 9,000 ரூபாயும், கூடுதல் வேன் வாடகை 1,800 ரூபாயும் வந்தன. வாடகை வித்தியாசத்தையும் கேட்டிருந்தேன், அது வரவில்லை.

அப்படியும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சுற்றுலா போன ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசி ஒரு தனிநபருக்குப் பணம் அனுப்பியவர்களுக்கு 1915 அவ்வளவு கைகொடுக்காது, அவர்கள் இந்த வழியை யோசிக்கலாம்.

அடுத்த முறை முன்பதிவு செய்யும்போது

வைகாசி முகூர்த்தத்தில் கல்யாணம் ஆனவர்கள் நம்மிடையே நிறைய. அவர்களுடைய கல்யாண நாள் வருவது மலை ஊர்களின் உச்ச சீசனில். அறைக்குப் போட்டி அதிகம், கூடுதலாகத் தருகிறவருக்கு மாற்றிக் கொடுக்கும் ஆசையும் அதிகம். முடிந்தால் கொண்டாட்டத்தை வார நாளுக்கோ ஆனி, ஆடிக்கோ தள்ளி வையுங்கள். கல்யாண நாளன்று வீட்டில் பாயசம் வைத்துக் கோயிலுக்குப் போய் வந்தால் போதும் என்று அம்மாவே பின்னால் சொன்னாள்.

நான் இப்போது அழகான படங்களைப் பார்ப்பதே இல்லை. வீடியோ காலில் ஒன்று கேட்கிறேன்: "வேன் நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரைக்கும், அங்கிருந்து பாத்ரூம் வரைக்கும் நடந்து காட்டுங்க." படி எத்தனை, கைப்பிடி இருக்கிறதா, தரை வழுக்குமா, கழிப்பறை எந்த வகை, வேன் திரும்ப இடம் இருக்கிறதா என்று எல்லாமே அந்த நடையில் தெரிந்துவிடும். நடந்து காட்டத் தயங்கினால் வேறு இடம் பார்ப்பேன். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், கரண்ட் போனால் என்ன ஏற்பாடு என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

பிறகு ஒரு செய்தி அனுப்புவேன். "மே 24, 25 இரு இரவு. பெரியவர்கள் எட்டு, சிறுவர் இருவர், கைக்குழந்தை ஒன்று. மூன்று அறையும் எங்களுக்கு மட்டும். தரைத்தளத்தில் மேற்கத்தியக் கழிப்பறையோடு ஒரு அறை. மொத்தம் 18,000, முன்பணம் 9,000, மீதி வந்து அறையைப் பார்த்த பிறகு. சம்மதம் என்றால் 'சரி' என்று பதில் போடுங்கள்." அந்த 'சரி' வராமல் பணம் போகாது. ஆப் வழியாகப் பதிவு செய்தாலும் இதே செய்தியை அந்த இடத்துக்காரருக்கு அனுப்புங்கள். முன்பணத்தை முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். யூபிஐயில் நாமே அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம், கார்டு என்றால் வங்கியிடம் முறையிட ஒரு வழி இருக்கிறது.

உரிமையாளர் எண்ணோடு நிற்காமல், அங்கேயே இருந்து பார்த்துக்கொள்பவரின் எண்ணையும் வாங்குங்கள். இரண்டு நாள் முன்பும், கிளம்பும் காலையிலும் அவரிடமே பேசுங்கள். நாங்கள் அவரிடம் ஒரு முறை பேசியிருந்தாலே மதுரையிலேயே விஷயம் தெரிந்திருக்கும். கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியிலோ வேனிலோ போவதென்றால் இ-பாஸ், அதாவது வண்டி நுழைய ஆன்லைனில் வாங்கும் அனுமதி, எடுக்க வேண்டும், அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை. அப்புறம், மதியம் ஒரு மணிக்குள் மேலே போய்விடுங்கள். வத்தலக்குண்டில் சாப்பாடு, வெள்ளி நீர்வீழ்ச்சியில் போட்டோ என்று நாங்கள் நின்று நின்று போனதால்தான் இருட்டிவிட்டது. பகலாக இருந்தால் இதே சிக்கல் இவ்வளவு வதைத்திருக்காது.

அன்று இரவு லாட்ஜ் அறையில் இருந்த ஒரே ஜன்னல் பேருந்து நிலையத்தைப் பார்த்து இருந்தது. நான் வெந்நீர் கொண்டுபோனபோது இருவரும் அங்கே நின்றிருந்தார்கள். அப்பா கைநீட்டி, தான் படுத்துக்கொள்ளும் இடம், முதல் வண்டி நிற்கும் இடம், பனியில் கை விறைத்தபடி டிக்கெட் கிழித்த இடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவருடைய சால்வையைப் போர்த்தியிருந்தாள்.

இப்போது கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறைக்குப் போகலாம் என்று பேச்சு, அங்கே கோயிலில் இருக்கும் முருகன், குழந்தை வேலப்பரைப் பார்க்க வேண்டுமாம். போன வாரம் ஒரு வீட்டுக்கார அக்கா வீடியோ காலில் நடந்து காட்டினார். வேனிலிருந்து கட்டில் வரை ஒன்பது படி, இரண்டு பக்கமும் கைப்பிடி. அம்மா போனை வாங்கி, அந்த அக்காவை இன்னொரு முறை மெதுவாக நடக்கச் சொன்னாள்.