தரிசில் தாமாக முளைக்கும் செடிகளும் நாம் செய்யும் தவறுகளும்

மண் அள்ளப்பட்ட நிலத்தையோ நெடுங்காலம் தரிசாகக் கிடந்த நிலத்தையோ தோப்பாக்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் அழைப்பது பொக்லைன் இயந்திரத்தைத்தான். அங்கே தாமாக முளைத்திருக்கும் எருக்கு, கொழுஞ்சி, ஆவாரை, விராலி ஆகியவற்றைப் புதரென்று வழித்தெறிந்துவிட்டு, வெறுந்தரையில் குழி தோண்டிக் கன்று நடுகிறார்கள். காசு கொடுத்துச் செய்யும் தவறுகளில் இதுவே தலையாயது. மேல்மண் இழந்த தரையில் கடும்வெயிலையும் வறட்சியையும் தாங்கி வேரூன்றக்கூடிய இச்செடிகள், மண்ணரிப்பைக் குறைத்து, சருகு உதிர்த்து, பின்னால் வரும் கன்றுகளுக்கு நிழலும் தருகின்றன. மண்ணைப் புரட்டினாலோ, அடியில் உறங்கிக் கிடக்கும் களை விதைகள் வெளிச்சம் பட்டு முளைக்கும். ஆகவே கன்றைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் கொத்திவிட்டு மற்றதை விட்டுவைப்பதே போதுமானது. வெயில் விரும்பிகளான இவை, மரங்களின் நிழல் கூடக்கூடத் தாமே குறைந்துவிடும்.

அதற்காக, முளைத்த எல்லாவற்றையும் விட்டுவைப்பதும் பிழை. சீமைக்கருவேலத்தைத் தரைமட்டமாக வெட்டிவிட்டு வேலை முடிந்ததென எண்ணுவோர், மழைக்குப் பின் ஒரே தூரிலிருந்து பல தண்டுகள் தழைப்பதைக் காண்பார்கள். துளிர்க்கும் மொட்டுகள் மண்ணுக்குச் சற்றுக் கீழும் இருப்பதால், தூரையே தோண்டி எடுத்தாக வேண்டும். அதன் நெற்றுகளைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்திலும் புழுக்கையிலும் விதைகள் உயிரோடு வெளிவருவதால், அந்த ஆடுமாடுகளை நிலத்துக்குள் மேயவிட்டால் பட்ட பாடு வீணாகும். 1950-களில் புனேயில் கவனத்துக்கு வந்து நாடெங்கும் பரவிய பார்த்தீனியம் என்னும் களைச்செடியைப் பூக்கும் முன்பே, கையுறை அணிந்து பிடுங்க வேண்டும். விதை பிடித்த செடியைப் பிடுங்கி வரப்பில் குவிப்பது அதை நாமே விதைப்பதற்குச் சமம்.

அவரைக் குடும்பச் செடியெல்லாம் நிலத்துக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) தரும் என்று நம்புவதும் சரியன்று. கொழுஞ்சி தரும், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சு இல்லாத ஆவாரை அவ்வாறு தராது.

எல்லா இடத்திலும் முதலில் தாமாக முளைக்கும் செடிகளைத் தொடர்ந்து மரங்கள் வந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்போ இன்னும் ஆழமான தவறு. கடற்கரை மணல்மேடுகளில் உப்புக்காற்றும் நகரும் மணலும் ஓயாமல் இருப்பதால், முதலில் படரும் அடம்புக்கொடியும் ராவணன் மீசை என்னும் புல்லுமே அங்கு நிலைத்து நின்று மணலைப் பிடித்து வைக்கின்றன. அவற்றை அகற்றிவிட்டு அலைவாய்க்கரை வரை சவுக்கு நட்டால், பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் முட்டையிட ஏறிவரும் திறந்த மணல்வெளிதான் சுருங்குகிறது.