அலுமாரிக் கதையைப் பிள்ளைகளோடு கதைக்கும்போது

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரம் தரம் 6, 7 பிள்ளைகளைக் கூட்டிவைத்து, ஒரு மாயக்கதைத் தொடரை வாசித்து, அதை வைத்தே இலக்கியக் கூறுகளையும் பழக்கலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நல்ல யோசனைதான். ஆனால் அது கெட்டுப்போகவும் நிறைய வழிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே பிழையின் பிள்ளைகள்: கதையில் பிள்ளை எதையாவது தானாகக் காணும் முன்னமே நாங்கள் அதற்குப் பெயர் சொல்லிவிடுகிறோம்.

உதாரணத்துக்கு நார்னியாத் தொடரை எடுத்துக்கொள்கிறேன். சி. எஸ். லூயிஸ் எழுதிய ஏழு புத்தகங்கள். முதலாவது 1950 இலும் கடைசி 1956 இலும் வந்தன. உலகப்போர்க் காலத்தில் லண்டனில் குண்டு விழுகிறது என்று, நாட்டுப்புறத்தில் இருக்கும் ஒரு பேராசிரியரின் பெரிய வீட்டுக்கு நாலு பிள்ளைகளை அனுப்பிவிடுகிறார்கள். அங்கே ஓர் அலுமாரிக்குள் புகுந்து அவர்கள் வேறொரு நாட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஏன் இந்தத் தொடர் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

முதலாவது தவறு கரும்பலகையில் நடக்கிறது. கதைக்கரு, கதைக்களம், பாத்திரப்படைப்பு, முரண், குறியீடு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் வரைவிலக்கணம் கொடுத்து, கொப்பியில் இறக்கச் சொல்வது. புலமைப்பரிசில் பரீட்சையைத் தாண்டி வந்த பிள்ளைக்கு இது கஷ்டமே இல்லை. எழுதும், பாடமாக்கும், "கதை நிகழும் இடமும் காலமும் கதைக்களம்" என்று ஒப்புவிக்கும். பிறகு கதையில் பனி ஏன் உருகத் தொடங்கியது என்று கேட்டால் முழிக்கும்.

அந்தப் பனியையே பார்ப்போம். நார்னியாவைச் சூனியக்காரி ஒருத்தி ஆள்கிறாள். அவள் ஆட்சியில் எப்போதும் குளிர்காலம்தான், ஆனால் நத்தார் மட்டும் வராது. எங்கள் பிள்ளைகள் உறைபனியைக் கண்டதில்லை. அதனால் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டி, "இதுதான் பனி, விளங்கிச்சா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். பனி எப்படி இருக்கும் என்பது அங்கே பெரிய விசயமில்லை. அந்தப் பனியால் யாருக்கு லாபம் என்பதுதான் விசயம். அவள் போய்வருவது பனியில் சறுக்கும் வண்டியில். பனி உருகத் தொடங்கியதும் வண்டி புதைகிறது, அவள் இறங்கி நடக்கவேண்டி வருகிறது, நேரம் பிந்துகிறது, கதை திரும்புகிறது. காலநிலை மாறியதால் கதை மாறியது என்று பிள்ளை தானே பிடிக்கட்டும்.

அதற்குப் பிறகு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அந்தச் சூனியக்காரி வன்னிக்கு வந்தால் எந்தக் காலத்தை நிறுத்திவைப்பாள்? ஒரு பிள்ளை, ஐப்பசி மழையே வராமல் பண்ணுவாள், இரணைமடுக் குளம் வான் பாயாது, காலபோகம் விதைக்க ஏலாது என்று சொல்லும். இன்னொன்று, இல்லை, மாரி முடியாமலே வைத்திருப்பாள், வெள்ளத்தில் ரோட்டு மூடினால் ஒருத்தரும் தப்பி ஓட முடியாது என்று சண்டைக்கு வரும். இரண்டு பேரிடமும் காரணம் கேளுங்கள். சண்டை நன்றாகச் சூடேறிய பிறகு கரும்பலகையில் "கதைக்களம்" என்று எழுதலாம். அப்போது வரைவிலக்கணத்தை அவர்களே சொல்வார்கள்.

பாத்திரப்படைப்பில் நடக்கும் பிழை இதைவிட மோசமானது: நல்லவர், கெட்டவர் என்று இரண்டு பட்டியல் போடுவது. நாலு பிள்ளைகளில் எட்மண்ட் என்பவன் தன் கூடப்பிறந்தவர்களைச் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுக்கிறான், அதுவும் ஒரு பெட்டி துருக்கி இனிப்புக்காக. (என்ன இனிப்பு என்று கேட்பார்கள். மஸ்கட் மாதிரி, மேலே மா தூவியது என்றால் போதும்.) பட்டியல் போட்டால் அவன் கெட்டவன் பக்கம் போய்விடுவான். அதோடு பேச்சும் முடிந்துவிடும்.

"எந்த இடத்தில் அவன் திரும்பியிருக்கலாம்?" என்று கேட்டால் பிள்ளைகள் புத்தகத்துக்குத் திரும்பிப் போகத்தான் வேண்டும். இனிப்பு மந்திரித்தது, தின்னத் தின்ன இன்னும் கேட்கும், ஆகவே அவனைக் குறைசொல்ல முடியாது என்று ஒரு பிள்ளை வாதாடும். சரி, அப்படியென்றால் தான் சந்தித்தவள்தான் சூனியக்காரி என்று தங்கை லூசி வாயால் தெரிந்த பிறகும், நார்னியா என்று ஒன்றே இல்லை என்று அண்ணன் பீட்டருக்கும் அக்கா சூசனுக்கும் முன்னால் லூசியைப் பொய்க்காரியாக்கினானே, அப்போது அவன் வாயில் இனிப்பு இருந்ததா? குளிருக்குள் மேலங்கிகூட இல்லாமல் சூனியக்காரியைத் தேடி நடக்கும்போது, தான் அரசனானதும் முதல் வேலையாக நல்ல ரோட்டுப் போடவேண்டும் என்று யோசித்துக்கொண்டு போகிறான். (எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் அவனைக் கொஞ்சம் பிடித்துப்போகும்.) ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு பக்கத்தில் விரல் வைக்கும். ஒரே விடைக்கு அவர்களை இழுத்துக்கொண்டு வராதீர்கள். ஆனால் எந்த வரியை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று மட்டும் விடாமல் கேளுங்கள்.

ஓர் இனிப்புக்கா இவ்வளவும் என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு தகவல் உதவும். பிரித்தானியாவில் போர்க்காலத்தில் இனிப்பும் பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைத்தது. அந்தப் பங்கீடு 1953 பெப்ரவரி வரை நீடித்தது, அதாவது இந்தப் புத்தகம் கடைக்கு வந்தபோதும் இருந்தது. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் தடை இருந்த தொண்ணூறுகளைப் பற்றி வீட்டில் அம்மம்மாவிடம் கேட்ட பிள்ளைக்கு, எட்மண்டின் ஆசை அவ்வளவு சில்லறையாகத் தெரியாது.

இங்கே தொடர் என்பதால் கிடைக்கும் ஒரு வசதியைக் கைவிடுவதும் தவறுதான். மூன்றாவது புத்தகத்தில் யூஸ்டேஸ் என்ற மைத்துனன் பேராசையால் டிராகனாக மாறி, பிறகு மீண்டு வருகிறான். வெட்கப்பட்டு நிற்கும் அவனைத் தேற்றுவது எட்மண்ட்தான். தான் முன்னர் துரோகியாக இருந்ததை அவனே வாய்விட்டுச் சொல்கிறான். முதல் புத்தகத்தோடு நிறுத்தியவர்கள் அவனைப் பாதிதான் கண்டவர்கள்.

இனி, வன்னியில் மட்டும் கூடுதலாகக் கவனிக்கவேண்டிய ஒன்று. இரண்டாவது புத்தகத்தில் அந்த நாலு பேரும் தங்கள் கணக்கில் ஒரு வருடம் கழித்து நார்னியாவுக்குத் திரும்புகிறார்கள். அங்கேயோ நூற்றாண்டுகள் ஓடிவிட்டன. காடு மண்டிய ஒரு பாழடைந்த கோட்டை, பராமரிப்பில்லாத அப்பிள் தோட்டம், ஒரு கிணறு, கிணற்றடியில் கிடைக்கும் பொன்னாலான ஒரு சதுரங்கக் குதிரை. தாங்கள் அரசாண்ட இடமே அதுதான் என்று அவர்களுக்கு மெதுவாகத்தான் பொறிதட்டுகிறது. முன்கூட்டியே துப்பு வைப்பது என்றால் என்ன என்று காட்ட இதைவிட நல்ல அத்தியாயம் கிடைப்பது கஷ்டம். "அது அவர்களுடைய பழைய கோட்டை" என்று ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. குதிரை கிடைக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, இதுவரை கண்ட துப்புகளைப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பி வந்து, பற்றைக்குள் கிணற்றுக்கட்டைத் தேடிப்பிடித்துத் தங்கள் வளவை அடையாளம் கண்ட தாய் தகப்பனின் பிள்ளைகள் இவர்கள். அந்த அத்தியாயத்தில் ஒரு பிள்ளை திடீரென்று அமைதியாகலாம், அல்லது ஒரேயடியாகச் சொல்லத் தொடங்கலாம். சொன்னால் கேளுங்கள். ஆனால் "உங்கள் வீட்டிலும் இப்படி நடந்ததா? ஒவ்வொருவராக எழும்பிச் சொல்லுங்கோ" என்று அதைப் பயிற்சியாக்காதீர்கள். மாயக்கதை தரும் பெரிய உதவியே அந்தத் தூரம்தான். நாலு பேர் முன்னால் தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல விரும்பாத பிள்ளை, அந்த நாலு அரசர்களைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைக்கும். தனக்குத் தெரிந்ததை எல்லாம் அதற்குள்ளேயே வைத்துக் கதைக்கும். அதை நாங்கள் போய்த் தோண்டக்கூடாது.

குறியீட்டில் வரும் பிழைக்கு இரண்டு முகம். அஸ்லான் என்ற சிங்கம் எட்மண்டுக்காக உயிரைக் கொடுத்து மீண்டும் எழுகிறது. லூயிஸ் கிறிஸ்தவர், அதில் இயேசுவின் கதை இருக்கிறது என்பதை அவர் மறைக்கவும் இல்லை. முதல் நாளே "சிங்கம் என்றால் இயேசு" என்று சமன்பாடு போட்டால், பிள்ளைகள் அதற்குப் பிறகு சிங்கத்தைப் பார்க்கமாட்டார்கள், விடையைத்தான் பார்ப்பார்கள். மறுபக்கம், சைவப் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று பயந்து அதை மூடிமறைப்பதும் சரியில்லை. மடு மாதா கோயிலுக்குப் போய்வரும் பிள்ளை ஒன்று தானாகவே கண்டுபிடித்துச் சொல்லும். சொன்னதும் "ஓம், எழுதியவரும் அதைத்தான் நினைத்தார். வேறு யாருக்கும் வேறு ஏதாவது தோன்றுகிறதா?" என்று கேட்டால் சரி.

"இக்கதையால் அறியும் நீதி யாது?" என்ற கேள்வியைச் சோதனைத்தாளுக்கே விட்டுவிடுங்கள்.

கதைசொல்லியை மறந்துபோகிறோம். அலுமாரிக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வது மடத்தனம் என்று இந்தக் கதைசொல்லி அடிக்கடி இடைமறித்துச் சொல்வார். யார் இந்த ஆள், ஏன் நடுவில் வந்து புத்தி சொல்கிறார் என்று கேட்டால் போதும், நோக்குநிலை பற்றிய பாடம் தானாக நடக்கும். ஆங்கிலப் புத்தகம் ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் தமிழில் சொல்லிச் சொல்லியே வாசியுங்கள். இடையில் ஆங்கிலச் சொல்லுக்குக் கருத்துக் கேட்கத் தொடங்கினால் அது ரியூசன் ஆகிவிடும், அடுத்த சனிக்கிழமை பாதிப் பேர் வரமாட்டார்கள்.

கடைசியாக, வாசிக்கும் ஒழுங்கு. கதைக்குள் நடக்கும் காலப்படி பார்த்தால் 1955 இல் ஆறாவதாக வந்த புத்தகம்தான் முதலாவது. நார்னியா உருவாகும் கதை அதில்தான் வருகிறது. இப்போது வரும் பல பதிப்புகளில் அதற்கு ஒன்று என்றே இலக்கம் போட்டிருப்பார்கள். அதை நம்பித் தொடங்கவேண்டாம். 1950 இன் புத்தகத்தில் லூசி முதன்முதலில் காணும் காட்சி, நடுக்காட்டில் தனியாக எரிந்துகொண்டிருக்கும் ஒரு தெருவிளக்கு. கம்பத்தை யார் நட்டது, கரண்ட் எங்கேயிருந்து வருகிறது என்று பிள்ளைகள் முதல் நாளே கேட்பார்கள். விடை ஆறாவது புத்தகத்தில் இருக்கிறது. அதுவரை கரைச்சல் தருவார்கள், கெஞ்சுவார்கள், அண்ணை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் என்று சத்தியம் பண்ணுவார்கள். சொல்லிவிடாதீர்கள்.