வேகக் கணக்கா? முதலில் எது சமம் என்று பாருங்கள்

தூரம் = வேகம் × நேரம். சீரான வேகத்தில் ஓடும் வண்டிக் கணக்குகளுக்கெல்லாம் சூத்திரம் இது ஒன்றுதான். எல்லோரும் இதை ஒப்பித்துவிடுவார்கள், ஆனால் கணக்கைப் படித்து முடித்ததும் எந்த எண்ணை எங்கே போடுவது என்று முழிப்பார்கள். காரணம், சூத்திரம் தானாகச் சமன்பாடு ஆகிவிடாது. எவை இரண்டும் சமம் என்று நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஒரு கணக்கு. ஒரு பேருந்து காலை 8 மணிக்குக் கிளம்பி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிறது. அதே இடத்திலிருந்து 9.30க்கு ஒரு கார் கிளம்பி, அதே சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வருகிறது. கார் எப்போது பேருந்தைப் பிடிக்கும்?

படி 1: தெரியாததற்குப் பெயர் வையுங்கள்

‘ந = நேரம்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள், பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். யார் ஓடிய நேரம்? ‘பேருந்து கிளம்பியதிலிருந்து ஆன மணி நேரம் = ந’ என்று முழுசாக எழுதுங்கள். கார் ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிளம்பியதால் அது ஓடிய நேரம் ந − 1.5. கூட்டுவதா கழிப்பதா என்று சந்தேகம் வந்தால், இப்போது மணி 10 என்று வைத்துப் பாருங்கள்: பேருந்து 2 மணி நேரம் ஓடியிருக்கிறது, கார் அரை மணி நேரம்தான். சரி, கழித்தல்தான்.

அப்புறம், 1 மணி 30 நிமிடத்தை 1.3 என்று எழுதிவிடாதீர்கள். நிமிடத்தை 60ஆல் வகுக்க வேண்டும்.

படி 2: தூரங்களை எழுதுங்கள்

பேருந்து: 40ந
கார்: 60(ந − 1.5)

படி 3: எது சமம்?

பிடிக்கும் அந்த நொடியில் இரண்டு வண்டியும் ஒரே இடத்தில் நிற்கும். கிளம்பியதும் ஒரே இடம். ஆக, போன தூரம் சமம்.

40ந = 60(ந − 1.5)
40ந = 60ந − 90
20ந = 90
ந = 4.5

விடை 4.5 என்று எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள், கேட்டது ‘எப்போது’. 8 மணியிலிருந்து நாலரை மணி நேரம், அதாவது பகல் 12.30. சரிபார்க்க: 40 × 4.5 = 180, 60 × 3 = 180.

எதிரெதிரே வரும் வண்டிகள் என்றால் தூரங்கள் சமம் இல்லை, இரண்டும் சேர்ந்துதான் மொத்த இடைவெளி. 300 கி.மீ. இடைவெளியில் இதே இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பினால் 40ந + 60ந = 300, ந = 3. அவ்வளவுதான்.

போய்த் திரும்பும் கணக்கில் தெரியாதது தூரம். போகும்போது 40, வரும்போது 60, மொத்தம் 5 மணி நேரம் ஆயிற்று என்றால், ஒரு வழித் தூரத்தை த என்று வையுங்கள்:

த/40 + த/60 = 5

120ஆல் பெருக்கினால் 3த + 2த = 600, த = 120. சராசரி வேகம் 50தானே என்று கை பரபரக்கும். ஆனால் 240 கி.மீ.க்கு 5 மணி நேரம், அதனால் 48தான். மெதுவாகப் போன பயணம் 3 மணி நேரத்தை எடுத்துக்கொண்டது, வேகமாக வந்தது 2 மணி நேரத்தைத்தான்.

நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள்: முதல் கணக்கில் பேருந்து 9 மணிக்கு அரை மணி நேரம் நின்றுவிட்டுக் கிளம்புகிறது. மற்றதெல்லாம் அப்படியே. 11.30 வர வேண்டும்.